பதிவு மறுப்பும் தீர்வழியும்: அவிநாசி வட்டாரக் கோயில் மானிய நிலங்களை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

ஓர் ஆவணத்தைப் பதிய மறுப்பதற்கான காரணங்களையும், அம்மறுப்பை எதிர்த்துச் செல்லும் வழிகளையும் 1877, 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டங்கள் ஒருங்கே வகுத்தன. அக்காரணங்கள் ஆவணத்தையும் கையொப்பத்தையும் பற்றியவை. நிலத்தின் உரிமை பற்றியவை அல்ல. 1997க்குப் பின் தமிழ்நாட்டில் மறுப்பின் காரணம் உரிமையை நோக்கி நகர்ந்தது. எதிர்த்துச் செல்லும் வழியோ பழைய இடத்திலேயே நின்றது. இவ்விடைவெளி அவிநாசி உள்ளிட்ட கொங்குப் பகுதிக் கோயில் மானிய நிலங்களில் எவ்வாறு வெளிப்படுகிறது என்பதையும், மறுக்கப்பட்டவருக்குச் சட்ட உதவி எந்தக் கட்டத்தில் தேவைப்படுகிறது என்பதையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: பதிவுச் சட்டம், சார்பதிவாளர், மறுப்பு, மானியம், மேல்வாரம், குடிவாரம், அவிநாசி, சட்ட உதவி.

முன்னுரை

தமிழக நில வரலாறு பற்றிய ஆய்வுகள் வரி, குத்தகை, நில உச்சவரம்பு ஆகியவற்றை விரிவாகப் பேசியுள்ளன. சார்பதிவாளர் அலுவலகம் அவ்வாய்வுகளில் பெரும்பாலும் தரவு கிடைக்கும் இடமாகவே இருந்து வந்துள்ளது. அவ்வலுவலகமே ஆய்வுப்பொருளாக ஆனது குறைவு. பதிவான பத்திரங்கள் ஆய்வாளர் கண்ணில் படுகின்றன; பதியப்படாமல் திருப்பி அனுப்பப்பட்டவை படுவதில்லை என்பது இதற்கு ஒரு காரணமாகலாம்.

கிரயம் பேசி, முத்திரைத்தாள் வாங்கி, பத்திர எழுத்தரிடம் எழுதி, சாட்சிகளுடன் அலுவலகம் செல்லும் ஒருவரிடம் 'இந்தச் சர்வே எண்ணுக்குப் பதிவு ஆகாது' என்று சொல்லப்படுகிறது. அவர் கையில் பட்டா இருக்கிறது. தந்தையின் பெயரிலும் பாட்டனின் பெயரிலும் அதே அலுவலகத்தில் பதிவான பத்திரங்களும் இருக்கின்றன. அரசு அவற்றுக்கு முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் பெற்றிருக்கிறது. எனினும் இன்று அந்நிலத்தை விற்கவோ, மகளுக்குத் தான செட்டில்மெண்ட் எழுதவோ, வங்கியில் அடமானம் வைக்கவோ இயலாது. இந்நிலை எப்படி உருவானது என்பதை விளங்கிக்கொள்ள, மறுப்பு என்ற செயலின் சட்ட வரலாற்றையும் மானியம் என்ற உடைமை முறையின் வரலாற்றையும் சேர்த்து நோக்க வேண்டும்.

கையொப்பம் பற்றிய மறுப்பு

சென்னை மாகாணத்தில் ஆவணப் பதிவு 1802ஆம் ஆண்டின் 17ஆம் ஒழுங்குமுறையால் தொடங்கியது. அது விருப்பப் பதிவு. ஜில்லா தலைமையிடத்திற்குச் சென்று பதிந்துகொள்ள விரும்பியவர் பதிந்துகொண்டனர். 1864ஆம் ஆண்டின் 16ஆம் சட்டம் 1865 சனவரி முதல் நடைமுறைக்கு வந்த பின்னரே குறிப்பிட்ட வகை ஆவணங்களின் பதிவு கட்டாயமானது. 1866, 1871, 1877 ஆகிய ஆண்டுகளில் சட்டம் மாற்றி எழுதப்பட்டது. இன்றும் நடப்பிலுள்ள 1908ஆம் ஆண்டின் 16ஆம் சட்டம் பெரும்பாலும் 1877ஆம் ஆண்டுச் சட்டத்தின் அமைப்பையே தாங்கி நிற்கிறது. இடையில் 1882இல் வந்த சொத்து மாற்றுச் சட்டத்தின் 54ஆம் பிரிவு, நூறு ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள அசையாச் சொத்தின் விற்பனை பதிவு ஆவணத்தாலேயே நிகழும் என்றது. அதுவரை விற்பனைக்குச் சான்றாக இருந்த பதிவு, அதன் பின் விற்பனையின் உயிராகவே ஆயிற்று. பதிவு மறுப்பு என்பது உரிமை மாற்றத்தையே தடுக்கும் செயலானது இந்த இடத்தில்தான்.

அக்காலச் சட்டம் சார்பதிவாளருக்கு அளித்த மறுப்புக் காரணங்களை நோக்கினால் ஓர் ஒழுங்கு புலப்படும். ஆவணம் அவருக்குத் தெரியாத மொழியில் இருத்தல், அடித்தல் திருத்தல்களுக்குச் சான்றொப்பம் இல்லாமை, சொத்து விவரம் அடையாளம் காணப் போதாமை, எழுதி நான்கு மாதம் கடந்து தாக்கல் செய்தல், நிலம் வேறு அலுவலக எல்லையில் இருத்தல், எழுதிக்கொடுத்தவர் வராமை, வந்தும் எழுதிக்கொடுக்கவில்லை என மறுத்தல், அவர் இளவராகவோ சித்தம் கலங்கியவராகவோ தோன்றுதல் ஆகியவை அவை. இவற்றுள் ஒன்றுகூட 'விற்பவருக்கு நிலம் சொந்தமா?' என்று கேட்பதில்லை. தமிழ்நாடு பதிவு விதிகளின் 55ஆம் விதி இதனை வெளிப்படையாகவே கூறுகிறது. ஆவணத்தின் செல்லுந்தன்மையை விசாரிப்பது பதிவு அலுவலரின் கடமை அன்று. எழுதிக்கொடுப்பவருக்கு உரிமையில்லை என்று யாரேனும் எழுத்திலோ வாய்மொழியிலோ ஆட்சேபித்தால் அதனைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. ஆள்மாறாட்டம், போலி ஆவணம், முகவர் நிலை, இறப்பு, இளமை அல்லது சித்தக் கலக்கம் ஆகியவை பற்றிய ஆட்சேபங்களை மட்டும் அவர் கருத வேண்டும்.

அக்காலத்தில் நடைமுறையில் பெரிய சிக்கலாக இருந்தது எழுதிக்கொடுத்தவர் மனம் மாறுவதே. பணம் பெற்றுப் பத்திரத்தில் கையொப்பமிட்டவர் அதிக விலைக்கு வேறொருவர் கிடைத்தால் அலுவலகத்திற்கு வரமாட்டார்; வந்தாலும் மறுத்துவிடுவார். சட்டத்தின் 71 முதல் 77 வரையுள்ள பிரிவுகள் இதை எதிர்நோக்கியே அமைந்தன. மறுக்கும் சார்பதிவாளர் தம் காரணங்களை இரண்டாம் புத்தகத்தில் எழுதி, கேட்பவருக்கு அதன் நகலைக் கட்டணமின்றி வழங்க வேண்டும் (பிரிவு 71). எழுதிக்கொடுத்ததை மறுத்தல் அல்லாத பிற காரணங்களுக்காக மறுக்கப்பட்டால் முப்பது நாளுக்குள் மாவட்டப் பதிவாளரிடம் மேல்முறையீடு (பிரிவு 72). எழுதிக்கொடுத்தது மறுக்கப்பட்டால் அதே காலத்துக்குள் விண்ணப்பம் (பிரிவு 73). அவ்விண்ணப்பத்தில் பதிவாளர் விசாரிக்க வேண்டியவை இரண்டே: ஆவணம் எழுதிக்கொடுக்கப்பட்டதா, சட்டத்தின் தேவைகள் நிறைவேறினவா (பிரிவு 74). சாட்சிகளை அழைப்பதில் அவருக்கு உரிமையியல் நீதிமன்றத்தின் அதிகாரம் உண்டு. அவர் பதியும்படி ஆணையிட்டால், ஆவணம் முதலில் தாக்கலான நாளிலிருந்தே பதிவானதாகக் கொள்ளப்படும் (பிரிவு 75). அவரும் மறுத்தால் மேல்முறையீடு இல்லை. முப்பது நாளுக்குள் உரிமையியல் வழக்கு (பிரிவு 77).

77ஆம் பிரிவில் அதிகம் கவனிக்கப்படாத ஒரு தொடர் உண்டு. அவ்வழக்கை எந்த நீதிமன்றத்தில் தொடுப்பது? ஆவணம் பதியப்பட வேண்டிய அலுவலகம் எந்த நீதிமன்றத்தின் எல்லைக்குள் இருக்கிறதோ அங்கே. அதாவது அவிநாசி அலுவலகத்தில் மறுக்கப்பட்டவர் அவ்வட்டாரத்து நீதிமன்றத்தையே நாடலாம். மறுப்பு எங்கே நிகழ்ந்ததோ அதற்கு அருகிலேயே தீர்வும் இருக்க வேண்டும் என்ற எண்ணம் இதில் தெரிகிறது. ஆனால் அத்தீர்வின் எல்லையும் அதே அளவு குறுகியது. கையொப்பம் பற்றிய கேள்விக்கு விடையளிக்கவே அது செய்யப்பட்டது.

மானியம்: நிலமா, வரியா?

அவிநாசியைச் சுற்றிப் பழமையான கோயில்கள் செறிந்துள்ளன. அவிநாசிலிங்கேசுவரர் கோயில், திருமுருகன்பூண்டி, சேவூர் வாலீசுவரர் கோயில், கருவலூர் மாரியம்மன் கோயில் ஆகியவை சில மைல் தொலைவுக்குள் அமைந்தவை. கொங்குச் சோழர் காலம் முதல் இவ்வட்டாரக் கோயில்களுக்குக் கொடைகள் வழங்கப்பட்டதைக் கல்வெட்டுகள் காட்டுகின்றன. பின்னர் வந்த ஆட்சிகளும் வழிபாட்டுக்கும் ஊழியத்துக்கும் மானியங்களை வழங்கின. பூசகர், ஓதுவார், நாதசுரக்காரர், மாலை கட்டுவோர், தேர் இழுப்பில் பணி செய்வோர் எனப் பலருக்கும் ஊழிய மானியம் இருந்தது.

கொடுக்கப்பட்டது என்ன என்பதே இங்கு அடிப்படைக் கேள்வி. நிலத்தின் விளைவில் அரசுக்குரிய பங்கு மேல்வாரம். உழுபவருக்குரிய பங்கு குடிவாரம். மன்னர் மேல்வாரத்தை மட்டும் கோயிலுக்கு விட்டுக்கொடுத்திருந்தால், உழவர் வரியை அரசுக்குச் செலுத்தாமல் கோயிலுக்குச் செலுத்துவார். நிலம் அவருடையதாகவே இருக்கும். இரண்டு வாரங்களும் கொடுக்கப்பட்டிருந்தால் நிலமே கோயிலுடையது, உழுபவர் குத்தகைதாரர். முன்னதை மேல்வார மானியம் என்றும் பின்னதை இருவார மானியம் என்றும் வழங்குவர். காட்டின் நடுவே நின்று பார்ப்பவருக்கு இவ்விரண்டுக்கும் வேறுபாடு தெரியாது. இரண்டிலும் அதே குடும்பம் அதே கிணற்றிலிருந்து நீர் இறைத்து அதே சோளத்தை விளைவித்தது.

1799இல் கும்பினி ஆட்சிக்குள் வந்த கோயம்புத்தூர்ப் பகுதியில் ரயத்துவாரி முறை வேரூன்றியது. மானியங்கள் தனியே நின்றன. அவற்றைச் சரிபார்க்க 1858இல் இனாம் ஆணையம் அமைந்தது. அவ்வாணையம் ஒவ்வொரு மானியத்தையும் விசாரித்து இனாம் பதிவேட்டில் எழுதி, உரிமைச் சீட்டு வழங்கியது. கோயில், அறம் சார்ந்த மானியங்கள் ஊழியம் தொடரும் வரை நிலையானவை என உறுதிசெய்யப்பட்டன. ஆயின் ஆணையத்தின் அக்கறை அரசுக்கும் மானியதாரருக்கும் இடையிலான வரி உறவே. மானியதாரருக்கும் உழுபவருக்கும் இடையே யாருக்கு என்ன உரிமை என்பதைத் தீர்ப்பது அதன் வேலையாக இருக்கவில்லை. ஆகவே பதிவேட்டில் கோயிலின் பெயர் இருப்பதைக் கொண்டு மட்டும் நிலம் கோயிலுடையது என்றோ, உழவருடையது என்றோ முடிவுகட்ட இயலாது.

இச்சிக்கல் பிரிவி கவுன்சில் வரை சென்றது. மானியம் என்றாலே வரி மட்டும்தான் கொடுக்கப்பட்டது என்று முன்கூட்டியே கருதிக்கொள்ளலாகாது. ஒவ்வொரு கொடையையும் அதன் வாசகத்தையும் சூழலையும் கொண்டே தீர்மானிக்க வேண்டும் என அது 1918இல் கூறியது. அடுத்த ஆண்டே வேறொரு வழக்கில் இனாம் பதிவேட்டுக்கு மிகுந்த சான்று மதிப்பு உண்டு என்றும் கூறியது. ஒவ்வொரு புலத்துக்கும் தனித்தனி விசாரணை வேண்டும் என்பதே இவ்விரு தீர்ப்புகளின் விளைவு. நூறாண்டுக்குப் பின் சார்பதிவாளர் அலுவலகக் கணினித் திரை அவ்விசாரணை இன்றியே விடை சொல்லத் தொடங்கியதை நோக்க, பிரிவி கவுன்சிலின் தயக்கம் எவ்வளவு பொருத்தமானது என்பது விளங்கும்.

ஒரே நிலத்தின் மேல் படிந்த ஆவணங்கள்

விடுதலைக்குப் பின் மானிய முறை ஒழிக்கப்பட்டது. முழுக் கிராமங்களாக இருந்த இனாம்களில் ஒரு பகுதியை 1948ஆம் ஆண்டின் 26ஆம் சட்டம் கையாண்டது. கொங்குப் பகுதியில் மிகுதியாக இருந்த சிறு மானியங்களை 1963ஆம் ஆண்டின் 30ஆம் சட்டம் ரயத்துவாரியாக மாற்றியது. அது 1965 பிப்ரவரி 15 முதல் செயற்பட்டது. செட்டில்மெண்ட் தாசில்தார் விசாரித்துப் பட்டா வழங்குவார். அவர் முடிவை எதிர்த்துத் தீர்ப்பாயத்துக்கும், அதன் பின் உயர் நீதிமன்றத்துக்கும் செல்லலாம்.

இச்சட்டத்தின் 8ஆம் பிரிவு பழைய வேறுபாட்டை அப்படியே ஏற்றது. மேல்வார மானியமாயின் குடிவார உரிமையாளருக்குப் பட்டா. கோயிலுக்கு வழங்கப்பட்ட இருவார மானியமாயின் கோயிலுக்குப் பட்டா. ஆனால் பின்னதற்கும் விதிவிலக்கு இருந்தது. நிலம் கிரயமாக மாறி, வாங்கியவரோ அவர் வழி வந்தவரோ 1960 ஏப்ரல் 1க்கு முன் தொடர்ந்து அறுபது ஆண்டு அனுபவித்திருந்தால் பட்டா அவருக்கே. பன்னிரண்டு ஆண்டு அனுபவம் எனில் உரிய தொகை செலுத்திப் பெறலாம். அறுபது ஆண்டு என்றால் 1900. அந்த ஆண்டுக்கு முன் பதிவான ஒரு கிரயப் பத்திரம் அவ்விசாரணையில் எவ்வளவு எடை பெற்றிருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. உரிமையை விசாரிக்காமலே பதிந்த அலுவலகத்தின் புத்தகம் உரிமையைத் தீர்மானிக்கும் சான்றானது. பதிவின் வரலாற்றில் இது ஒரு முரண்.

1979இல் தொடங்கிய நில உடைமை மேம்பாட்டுத் திட்டம், மக்கள் வழக்கில் யு.டி.ஆர்., இன்னொரு படிவைச் சேர்த்தது. அனுபவத்தில் இருந்தவர் பெயர் பல இடங்களில் பட்டாவில் ஏறியது. சில இடங்களில் தவறாகவும் ஏறியது. ஊழிய மானியதாரர்கள் சிலர் கோயிலுக்குரிய நிலத்தைத் தம் சொந்த நிலம்போல் விற்ற நிகழ்வுகளும், இந்து சமய அறநிலையச் சட்டத்தின் 34ஆம் பிரிவு கேட்கும் ஆணையர் அனுமதியின்றி நடந்த விற்பனைகளும் நீதிமன்றப் பதிவுகளில் நிறைந்துள்ளன. கோயில் நிலங்களைக் காக்கும் தேவை கற்பனையானதன்று என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். அத்தேவைக்காக எடுக்கப்பட்ட கருவி யாரைத் தாக்கியது என்பதே இங்கு எழும் கேள்வி.

இவ்வாறு ஒரே புலத்தின் மேல் 1860களின் இனாம் உரிமைச் சீட்டு, குடும்பக் கிரய ஆவணங்கள், பாகப்பிரிவினைப் பத்திரங்கள், 1960களின் செட்டில்மெண்ட் பட்டா, 1980களின் யு.டி.ஆர். பட்டா, திருப்பூர்ப் பின்னலாடைத் தொழில் வளர்ந்த பின் போடப்பட்ட வீட்டுமனைப் பத்திரங்கள் என அடுக்கடுக்காகப் படிந்தன. வள்ளக் கணக்கில் பேசப்பட்ட புஞ்சைக் காடு சென்ட் கணக்குக்கு மாறியபோது, முதற் படிவைத் தேடிப் பார்க்கும் அவசியம் வாங்குபவர் எவருக்கும் தோன்றவில்லை. வில்லங்கச் சான்று தெளிவாக இருந்தது. அதுவே போதும் எனக் கருதப்பட்டது.

உரிமை பற்றிய மறுப்பு

பொதுக்கொள்கைக்கு மாறான ஆவணங்கள் என அரசு அறிவிப்பவற்றைப் பதிய மறுக்கலாம் என்ற 22-அ பிரிவு 1997இல் தமிழ்நாட்டில் சேர்க்கப்பட்டது. இராசத்தானில் இருந்த இத்தகைய பிரிவை, 'பொதுக்கொள்கை' என்பது வரையறையற்ற சொல் என்ற காரணத்தால் உச்ச நீதிமன்றம் 2005இல் செல்லாததாக்கியது. அதைத் தொடர்ந்து 2007இல், கோவையை அடுத்த சூலூர் சார்பதிவாளர் எதிர்மனுதாரராக இருந்த வழக்கில், சென்னை உயர் நீதிமன்றம் தமிழ்நாட்டுப் பிரிவையும் வீழ்த்தியது. கொங்குப் பகுதியின் ஒரு சிற்றூர் அலுவலகத்தில் எழுந்த பிணக்கு மாநிலச் சட்டத்தையே மாற்றியது இப்பொருளின் வரலாற்றில் குறிப்பிடத்தக்கது.

புதிய 22-அ பிரிவு 2009ஆம் ஆண்டின் 2ஆம் சட்டமாக வந்து, 2016 அக்டோபர் 20 அன்று நடைமுறையாக்கப்பட்டது. இம்முறை பட்டியல் தெளிவானது: அரசு, உள்ளாட்சி நிலங்கள், இந்து சமய நிறுவனங்களுக்கு உரியவை அல்லது அவற்றின் பொருட்டுக் கொடுக்கப்பட்டவை, பூதான நிலங்கள், வக்ஃபு நிலங்கள், ஒப்புதலற்ற வீட்டுமனைகள். இவற்றைத் தகுந்த அதிகாரியின் அனுமதியின்றிப் பதியலாகாது. ஒப்புதலற்ற மனைகளைப் பதியக் கூடாது என்று 2016 செப்டம்பர் 9 அன்று உயர் நீதிமன்றம் பிறப்பித்த தடையும் அதே பருவத்தில் வந்ததால் பொதுக்கவனம் முழுவதும் மனைகள் மேல் சென்றது. மனைச் சிக்கலுக்கு 2017ஆம் ஆண்டு வரன்முறை விதிகள் ஒரு வழி திறந்தன. மானிய நிலத்துக்கு அத்தகைய வழி ஏதும் திறக்கவில்லை.

'கொடுக்கப்பட்டவை' என்ற சொல்லே இங்கு முடிச்சு. கோயிலின் பொருட்டு மேல்வாரம் மட்டும் கொடுக்கப்பட்ட நிலம் இதில் அடங்குமா? அடங்கும் எனில், 1963ஆம் ஆண்டுச் சட்டம் உழவருக்கு அளித்த பட்டாவின் பொருள் என்ன? அடங்காது எனில், அடங்காது என்பதை யார் தீர்மானிப்பது? 22-அ இக்கேள்விக்கு விடை தரவில்லை. கோயில் நிர்வாகம் சர்வே எண்களின் பட்டியலை அனுப்பும். வழிகாட்டி மதிப்பேட்டில் அவ்வெண்களுக்கு எதிரே மதிப்பு பூச்சியமாகும். 2018இல் வந்த ஸ்டார் 2.0 மென்பொருளில் அவ்வெண் நகராது. முன்பு மறுப்பு என்பது ஓர் அலுவலர் ஓர் ஆவணத்தைப் படித்த பின் செய்யும் செயல். இப்போது ஆவணம் எழுதப்படுமுன்பே மறுப்பு நிகழ்ந்துவிடுகிறது.

உயர் நீதிமன்றம் இதைக் கவனிக்காமல் இல்லை. கோயில் நிர்வாகத்தின் ஆட்சேபத்தை மட்டும் வைத்து மறுக்கக் கூடாது. இரு தரப்புக்கும் அறிவிப்பு தந்து, ஆவணங்களைப் பார்த்து, சுருக்க விசாரணைக்குப் பின் காரணத்துடன் ஆணையிட வேண்டும் என 2017இல் ஓர் அமர்வு வகுத்துரைத்தது. ஆனால் இவ்விசாரணையை நடத்த வேண்டியவர், உரிமையை விசாரிப்பது உம் கடமையன்று என 55ஆம் விதியால் பழக்கப்பட்ட அதே சார்பதிவாளர். இனாம் பதிவேட்டின் கலங்களைப் படித்து மேல்வாரமா இருவாரமா எனப் பிரித்தறிவது அனுபவமுள்ள நீதிபதிகளுக்கே எளிதன்று. 1948ஆம் ஆண்டுச் சட்டம் பற்றிய இராமலிங்க சாமிகள் மடம் வழக்கில், உரிமையியல் நீதிமன்றத்தின் அதிகாரம் செட்டில்மெண்ட் அலுவலரின் முடிவால் அற்றுப்போவதில்லை என 1985இல் உச்ச நீதிமன்றம் கூறியதும் இந்தத் தயக்கத்தின் வெளிப்பாடே. வருவாய்க்காகச் செய்யப்படும் விசாரணை உரிமைத் தீர்ப்பாகிவிடக் கூடாது என்பது அதன் உட்கருத்து.

2022இல் இப்போக்கு மேலும் வலுத்தது. போலி ஆவணங்களை மறுக்க 22-ஆ பிரிவும், பதிவானவற்றை மாவட்டப் பதிவாளரே நீக்க 77-அ பிரிவும் சேர்ந்தன. மூலப் பத்திரத்தின் அசலைக் காட்ட வேண்டும் என 55-அ விதி வந்தது. அசல் தொலைந்தவர் காவல் துறையின் சான்று பெற வேண்டியிருந்தது. கொங்குக் குடும்பங்களில் பாகப்பிரிவினைக்குப் பின் அசல் பத்திரம் அண்ணன் வீட்டுப் பெட்டியில் இருப்பது வழக்கம். தங்கையோ தம்பியோ தம் பாகத்தை விற்க அண்ணனின் தயவு வேண்டும் என்றாயிற்று. பத்திரம் தொலையவில்லை, ஆகவே காவல் சான்றும் கிடைக்காது. 77-அ பிரிவை உயர் நீதிமன்றம் 2024இலும், 55-அ(1) விதியை உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரல் 7 அன்றும் செல்லாதவை என்றன. விற்பவரின் உரிமையைச் சரிபார்க்கும் அதிகாரம் 1908ஆம் ஆண்டுச் சட்டத்தின் அமைப்பில் பதிவு அலுவலருக்கு இல்லை. நடைமுறையும் கட்டணமும் சரியாயின் பதிய வேண்டும். உரிமை எவ்வளவு இருந்ததோ அவ்வளவே ஆவணத்தால் மாறும் என்பது அத்தீர்ப்பின் சாரம். 1877ஆம் ஆண்டின் எண்ணம் நூற்றைம்பது ஆண்டை நெருங்கும் நிலையில் மீண்டும் உரைக்கப்பட்டது. எனினும் அத்தீர்ப்பு விதியைப் பற்றியது. சட்டப் பிரிவான 22-அ அதனால் தீண்டப்படவில்லை. அசல் ஆவணத் தேவையையும் விதியிலிருந்து சட்டத்துக்கே உயர்த்தும் மசோதா அவ்வாண்டே சட்டமன்றத்தில் நிறைவேறியது.

சட்ட உதவி தொடங்கும் இடம்

மறுக்கப்பட்டவர் முதலில் நாடுவது வழக்கறிஞரை அன்று, பத்திர எழுத்தரை. 1982ஆம் ஆண்டு உரிம விதிகளின்கீழ் இயங்கும் பத்திர எழுத்தர் ஆவணம் எழுத உரிமம் பெற்றவர். மேல்முறையீடு நடத்துவதற்கு அன்று. அவருக்கு நாள்தோறும் அதே அலுவலகத்தில் வேலை. மறுப்பை எழுத்தில் கேட்டு அலுவலரைச் சங்கடப்படுத்துவதைவிட, 'கொஞ்சம் பொறுத்துப் பார்க்கலாம்' என்று சொல்வதே அவருக்கு இயல்பு. இது குற்றச்சாட்டன்று, அத்தொழிலின் நிலை அத்தகையது.

ஆனால் பொறுத்துப் பார்ப்பதே இங்கு மிகப்பெரிய இழப்பு. 72ஆம் பிரிவின் முப்பது நாள் மறுப்பு ஆணையிலிருந்து எண்ணப்படுகிறது. வாய்மொழி மறுப்புக்கு ஆணை இல்லை; ஆணை இல்லாவிடில் மேல்முறையீடும் இல்லை. இதற்கிடையே எழுதப்பட்ட ஆவணத்தின் நான்கு மாதம் ஓடிக்கொண்டிருக்கும். ஆகவே சட்ட உதவியின் முதற்செயல் வழக்குத் தொடுப்பதன்று. ஆவணத்தை முறைப்படி தாக்கல் செய்து, 71ஆம் பிரிவின்படி மறுப்பைக் காரணத்துடன் எழுத்தில் பெறுவதே. மென்பொருள் ஆவணத்தை ஏற்காத நிலையில் இவ்வொரு தாளைப் பெறுவதற்கே நீதிப்பேராணை மனு தேவைப்படும் நிலை வந்திருக்கிறது.

1987ஆம் ஆண்டுச் சட்டப்பணிகள் அதிகாரங்கள் சட்டம் 1995 நவம்பர் 9 முதல் செயற்பட்டு வருகிறது. வட்டச் சட்டப்பணிகள் குழு வரை அதன் அமைப்பு இறங்குகிறது. பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமான வரம்பின்றியே அது உதவி அளிக்கிறது. நீதிமன்றம் என்ற சொல்லுக்கு அச்சட்டம் தரும் பொருளில், நீதிமன்றத்தை ஒத்த பணியைச் செய்யும் பிற அதிகார அமைப்புகளும் அடங்கும். சாட்சியை அழைத்து விசாரிக்கும் அதிகாரம் பெற்ற மாவட்டப் பதிவாளர் முன் நடக்கும் விசாரணைக்கும் இவ்வுதவியைக் கோர இடமுண்டு எனக் கொள்வது சட்டத்தின் சொல்லுக்கு மாறானதன்று. எனினும் சட்ட உதவி என்றதும் குற்றவியல் வழக்கும் குடும்ப வழக்கும் நினைவுக்கு வருவதுபோல் பதிவு மேல்முறையீடு நினைவுக்கு வருவதில்லை. தான செட்டில்மெண்ட் மறுக்கப்பட்ட மகள், தன் பாகத்தை விற்க இயலாத தங்கை ஆகியோர் இதன் நேர்ப் பயனாளிகள்.

அடுத்தது சான்று. இணையத்தில் கிடைக்கும் வில்லங்கச் சான்று பெரும்பாலும் 1975க்குப் பிந்தைய காலத்துக்கே. மேல்வாரமா இருவாரமா என்ற கேள்விக்கு அது பயன்படாது. வேண்டியவை இனாம் பதிவேட்டின் உரிய பக்கம், 1900க்கு முன்னும் பின்னுமான கிரயப் பத்திரங்களின் நகல், செட்டில்மெண்ட் தாசில்தாரின் ஆணை, பழைய 'அ' பதிவேடு ஆகியவை. இவற்றுள் செட்டில்மெண்ட் ஆணையே தலையாயது. பட்டா எந்த உட்பிரிவின்கீழ் வழங்கப்பட்டது என்பதை அதிலிருந்தே அறிய முடியும். வெறும் பட்டா நகலைக் காட்டி மேல்முறையீடு செய்பவர், எதிர்த்தரப்பு இனாம் பதிவேட்டை நீட்டியதும் விடையற்று நிற்க நேரிடுகிறது. கோயில் தரப்புக்கும் இதுவே பொருந்தும். பட்டியலில் சர்வே எண் இருக்கிறது என்பதற்கு அப்பால் கொடையின் தன்மையைக் காட்டும் ஆவணத்தை முன்வைக்க வேண்டிய பொறுப்பு அதற்கும் உண்டு.

அவிநாசியிலிருந்து சென்னை

மாவட்டப் பதிவாளரும் மறுத்தால் 77ஆம் பிரிவு வழக்கு. எழுதிக்கொடுத்தவரும் வாங்குபவரும் ஒன்றாக நின்று பதிவைக் கேட்கும்போது அவ்வழக்கு யாருக்கு எதிரானது? மெய்யான எதிர்த்தரப்பு கோயிலும் அரசும். அரசை எதிர்வாதியாக்க வேண்டுமெனில் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 80ஆம் பிரிவு இரண்டு மாத முன்னறிவிப்பைக் கேட்கிறது. 77ஆம் பிரிவின் காலமோ முப்பது நாள். விலக்குப் பெற வழி உண்டெனினும், இரு கடிகாரங்களும் வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு தேவைக்காகச் செய்யப்பட்டவை என்பது தெளிவு. நிலம் தமதே என விளம்புகை கோரும் தனி வழக்கைத் தொடுத்தால் அறநிலையச் சட்டத்தின் 108ஆம் பிரிவுத் தடை பற்றிய வாதம் எழும். இக்காரணங்களால் 77ஆம் பிரிவு மானிய நில வழக்குகளில் ஏறக்குறைய வழக்கொழிந்தது. அரசமைப்பின் 226ஆம் உறுப்பின்கீழ் உயர் நீதிமன்றத்தில் மனுச் செய்வதே நடைமுறைத் தீர்வாயிற்று.

இதன் விளைவு புவியியல் சார்ந்தது. 2004இல் மதுரைக் கிளை அமைந்தபோது கொங்கின் கிழக்கு எல்லையான கரூர் அதன் வரம்புக்குள் சென்றது. கோவை, ஈரோடு, பின்னர் 2009இல் உருவான திருப்பூர் ஆகியவை சென்னையோடே நின்றன. கோவை வழக்கறிஞர்கள் தனிக் கிளை கோரி வந்துள்ளனர். இன்று அவிநாசியில் மறுக்கப்பட்ட பத்திரத்துக்காக ஏறத்தாழ நானூற்றைம்பது கிலோமீட்டர் பயணம் செய்ய வேண்டும். அங்குச் சென்றாலும் நீதிப்பேராணை விசாரணையில் சாட்சியம் பதிவதில்லை. கொடையின் தன்மை எது என்ற கேள்வி உயர் நீதிமன்றத்திலும் பெரும்பாலும் தீராது. புதிதாக விசாரித்து ஆணையிடுமாறு கோப்பு மீண்டும் பழைய மேசைக்கே அனுப்பப்படும்.

சாட்சியம் பதிந்து, பழைய பத்திரங்களைச் சான்றாவணமாகக் குறித்து, கோயில் தரப்பையும் உழவர் தரப்பையும் குறுக்கு விசாரணை செய்து, 1918இல் பிரிவி கவுன்சில் கேட்ட வகையில் ஒரு கொடையின் இயல்பைத் தீர்மானிக்கத் தக்க அமைப்பு வட்டார உரிமையியல் நீதிமன்றமே. 22-அ பிரிவின்கீழ் மறுக்கப்பட்ட ஆவணங்களுக்கு, முன்னறிவிப்பு நிபந்தனையின்றி அங்கே செல்லும் வழியை 77ஆம் பிரிவிலேயே சேர்ப்பதற்குச் சட்டமன்றத்துக்குத் தடையேதும் இல்லை. பதிவுச் சட்டத்தை மாநிலத் தேவைக்கேற்பப் பலமுறை திருத்திய அவை, மறுப்பதற்கான பிரிவுகளையும் நீக்குவதற்கான பிரிவுகளையும் சேர்த்துள்ளது. மறுக்கப்பட்டவர் செல்லும் வழியை விவரிக்கும் 71 முதல் 77 வரையான பழைய பிரிவுகளின் அடிப்படை அமைப்பு மட்டும் 1877இல் வகுக்கப்பட்டவாறே உள்ளது.